அம்மாவுக்குத் தடிமன்

என் தம்பி ஒரு பாரிடோன். ஒபெராவில் ஆண்குரல்களை மூன்றாகப் பிரிப்பார்கள். மேலே டெனர், கீழே பேஸ், நடுவே பாரிடோன். டெனருக்குக் காதலி கிடைப்பாள். பேஸ் அரசனாகவோ மதகுருவாகவோ வருவார். நடுக்குரல்காரனுக்கு மிச்சம் இருப்பவை: தகப்பன், எதிரி, நண்பன், சேதி கொண்டுவருபவன். "டெனருக்குப் பொம்பிளை, எனக்குக் கடிதம்" என்று தம்பி சொல்வான். மொன்றியலில் பாடிய முதல் பதினொரு வருடத்தில் அவன் இரண்டு முறை தூதுவன், ஒரு முறை சிறைக்காவலன், ஒரு முறை வைத்தியன், ஒரு முறை முதல் அங்கத்திலேயே குத்துப்பட்டுச் சாகும் சிப்பாய். மற்ற நாட்களில் கூட்டுப்பாடகர்களோடு பின்வரிசையில் நின்றான். பகலில் முதலில் டவுன்டவுன் உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்தான். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தான்.

அவன் பாடிய எல்லாவற்றையும் அம்மா போய்ப் பார்த்தார். சேலைக்குக் கீழே பனிச்சப்பாத்து, சேலைக்கு மேலே முழங்கால் வரை நீண்ட கறுப்புக் கோட்டு. மொழி விளங்காது. ஆனால் கதையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார். சிப்பாய் செத்த அன்று வீட்டுக்கு வரும் வழியில் மெற்றோவில் அவனைக் கேட்டார்: "உவங்களுக்குக் கொல்லுறதுக்கு உன்னை விட்டா வேற ஆள் இல்லையோ?"

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் இருந்தேன். அதில் நான்கு வருடம் மரண அறிவித்தல் பக்கம் என் பொறுப்பு. பெயர், வயது, ஊர், யாருடைய மகன், யாருடைய மைத்துனர், திருப்பலி எத்தனை மணிக்கு, நல்லடக்கம் எந்தச் சேமக்காலையில் என்று ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்கே ஆள் வந்துவிடும். அந்த மேசையில் நான் பழகிய ஒரு வழக்கம் உண்டு. யாராவது வந்து, "தம்பி, இதை நாளண்டைக்குப் போடேலுமோ? மகளுக்கு நாளைக்குச் சோதினை" என்பார்கள். நாங்கள் நிறுத்தி வைப்போம். பொய் சொல்கிறோம் என்று அலுவலகத்தில் ஒருவரும் நினைத்ததில்லை. ஒருநாள் வேறு வேலையாக ஒரு பாடசாலைப் பக்கம் போனபோது, சோதினை முடிந்து ஒரு பெண் வினாத்தாளை விசிறிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தேன். வாசலில் மூன்று மாமன்மார் நின்றார்கள். மூன்று பேரும் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தவுடன் நின்றாள். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

இங்கே வந்தபின் பத்திரிகை வேலை இல்லை. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அப்பா ஊரிலேயே இறந்துவிட்டார். அம்மாவையும் தம்பியையும் நான்தான் கூப்பிட்டேன். தம்பி வரும்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. அம்மா கடைசிவரை நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

தம்பியின் தொழிலில் 'கவர்' என்று ஒரு வேலை உண்டு. பெரிய வேடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். அவருக்கு ஏதும் நடந்தால் பாடுவதற்கு உள்ளூரில் ஒருவரை அதே வேடத்துக்குத் தயாராக வைத்திருப்பார்கள். கவர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். காட்சி நடக்கும் வேளைகளில் அரங்கிலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அநேகமாக அவர் பாடாமலே அந்தப் பருவம் முடிந்துவிடும். தம்பி ஐந்து முறை கவராக இருந்தான். ஐந்து முறையும் வந்த ஆட்கள் எருமை மாதிரி ஆரோக்கியமாக இருந்தார்கள். ஆறாவது ஒப்பந்தம் வந்தபோது அவனுக்கு முப்பத்தொன்பது வயது. பாரிடோன் குரல் முதிர்வது அந்த வயதில்தான் என்றும், அதற்குள் ஒரு பெரிய வேடத்தில் யாராவது கேட்டிருக்காவிட்டால் பிறகு கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னான். "இதோட சரி, அண்ணை. இதுவும் சும்மா போனா நான் விட்டுடுவன்."

அது ஒரு பழைய இத்தாலிய நாடகம். அவனுக்கு ஒரு தளபதி வேடம். நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கடைசி அங்கத்தில் அவனிடமே மன்னிப்புக் கேட்கும் தளபதி. பெப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை, அந்த வேடத்துக்கு வந்திருந்த பாடகர் விடுதி வாசலில் ஐசில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். ஞாயிறு பிற்பகல், அடுத்த புதன், சனி என்று மூன்று காட்சிகள் மீதம் இருந்தன. மூன்றும் தம்பிக்கு. அவன் முதலில் அழைத்தது அம்மாவின் தொலைபேசிக்கு. அம்மா எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"இதிலயும் சாகிற ஆளோ நீ?"

"இல்லையம்மா. கடைசி மட்டும் நிப்பன்."

"அப்ப சரி. அப்ப நான் அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிறன்."

வியாழனிலிருந்து தம்பி பேசுவதை நிறுத்தினான். பெரிய பாட்டுக்கு முன் இரண்டு மூன்று நாள் வாய் திறக்காமல் இருப்பது அவன் வழக்கம். எல்லாம் எழுத்துச் செய்திதான். அதைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று இருந்தது. தடிமன், சளி உள்ள வீட்டுக்குள் அவன் காலடி வைக்கமாட்டான். ஒவ்வொரு பனிக்காலத்திலும் எங்களில் யாராவது இருமினால், கீழே தெருவில் நின்று மேலே யன்னலைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவான். அம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையசைப்பார். எதிர்வீட்டுக் கியூபெக் மனிதர் எங்கள் குடும்பத்துக்குள் ஏதோ வழக்கு என்று நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா குளியலறையில் விழுந்தார். தலைக்குள் இரத்தக்கசிவு. மருத்துவமனையில் ஒரு இளம் பெண் வைத்தியர் பிரெஞ்சில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். அம்மா இனிக் கண் திறக்கமாட்டார். நோவில்லாமல் வைத்திருப்பார்கள். இரண்டு நாளாகலாம், மூன்று நாளாகலாம், சில மணித்தியாலமும் ஆகலாம். வேறு பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

நானும் மனைவியும் தாழ்வாரத்தில் நின்றோம். டொரண்டோவில் இருக்கும் தங்கச்சியைத் தொலைபேசியில் எடுத்தோம். அவள் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்:

"அவனுக்குச் சொல்லியாச்சோ?"

"இல்லை."

"சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. அம்மாவுக்கு இனி ஒண்டும் தெரியாது. அவனுக்கு இது விட்டா வேற இல்லை. ஞாயிறு பாடி முடிக்கட்டும், பேந்து சொல்லுவம்."

"நானும் அதைத்தான் யோசிச்சன்."

மனைவி என்னைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அது அவற்ற தாய். சோதினை எழுதிற பள்ளிக்கூடப் பிள்ளையே அவர்?"

"ரெண்டு நாள்தானே."

"ரெண்டு நாளுக்குள்ள போட்டாவெண்டா?"

அவள் மேலும் சொன்னாள்: "என்னவோ செய்யுங்கோ. ஆனா என்னைப் பொய் சொல்லச் சொல்லாதேங்கோ. என்னட்டைக் கேட்டா நான் சொல்லிப்போடுவன்."

கேட்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. அன்று பிற்பகல் அம்மாவின் தொலைபேசிக்குத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. 'ஏன் இண்டைக்கு ஒண்டும் அனுப்பேல்லை?' அம்மா ஒவ்வொரு நாளும் அவனுக்குக் குரல்செய்தி அனுப்புவார். எழுதுவது அவருக்குச் சிரமம். தொலைபேசி அம்மாவின் கைப்பையோடு என் மடியில் இருந்தது. நான் எழுதினேன்: 'தடிமன் ராசா. தொண்டை அடைச்சுப்போச்சு, கதைக்கேலாது. நீ வீட்டுப் பக்கம் வராதை. நல்லாப் பாடு.'

அவன் அதை நம்பினான். எங்கள் வீட்டில் வேறு எந்த நோயைச் சொல்லியிருந்தாலும் ஓடி வந்திருப்பான். தடிமன் என்றதால் வரவில்லை. இஞ்சி, தேன், ஆவி பிடிப்பது பற்றி நீளமாக ஒரு பதில் அனுப்பினான். நான் அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டேன்.

சனிக்கிழமை எங்கள் பங்குத் தந்தை வந்து அம்மாவுக்கு நோயில் பூசுதல் கொடுத்தார். அவர் போகும்போது நான் பின்னால் போனேன். ஞாயிறு தமிழ்ப் பூசையில் நோயாளருக்கான மன்றாட்டில் அம்மாவின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டேன். பூசைக்கு வரும் முந்நூறு பேரில் ஒருவர் போதும், தம்பிக்கு எழுதிவிட.

"செபத்தையும் ஒளிக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்டார்.

"ஒரு நாளைக்குத்தான், ஃபாதர்."

அவர் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் மனதுக்குள்ள சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை தங்கச்சி டொரண்டோவிலிருந்து காரில் வந்து சேர்ந்தாள். ஆகவே மூன்று பிள்ளைகளில் இருவர் கட்டிலருகே இருந்தோம். தம்பி மெற்றோவில் பதினைந்து நிமிடத் தூரத்தில், ஆவி பிடித்துக்கொண்டு, ஊமையாக உட்கார்ந்திருந்தான்.

தம்பி எங்களுக்கு மூன்றாவது வரிசையில் இடது பக்கம் மூன்று இருக்கைகள் எடுத்து வைத்திருந்தான். மேடை வெளிச்சத்தில் நிற்பவனுக்கு மூன்றாம் வரிசைக்கு அப்பால் முகம் தெரியாது என்பதால் எப்போதும் அந்த வரிசைதான். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை, அண்ணி துணைக்கு நிற்கிறாள், நான் மட்டும் வருகிறேன் என்று எழுதியிருந்தேன். நானும் போகாவிட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். பொய்யைக் காப்பாற்ற ஒருவர் அங்கே போய் உட்கார வேண்டியிருந்தது. ஞாயிறு ஒரு மணிக்கு அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வெளிக்கிட்டேன். மனைவி கதவுவரை வந்தாள்.

இரண்டு மணிக்குத் திரை விலகியது. எனக்குப் பார்ப்பதுதான் தொழிலாக இருந்தது என்பதால், பார்த்ததைச் சொல்கிறேன். தம்பி சாம்பல் நிற நீண்ட கோட்டில் வந்தான். முதல் வரியை மேடையின் பின்பக்கத்திலிருந்து பாடினான். குரல் சற்று இறுக்கமாக இருந்தது. ஆறேழு வரிக்குப் பிறகு இளகியது. முதலில் அவன் பார்த்தது எங்கள் வரிசையைத்தான். எனக்கு இரு பக்கமும் வெற்று இருக்கைகள். ஒன்றில் என் கோட்டை வைத்திருந்தேன். முதல் அங்கம் முடிந்தபோது எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் நிகழ்ச்சித்தாளைத் திருப்பி அவன் பெயரைத் தேடினாள். முன்மண்டபத்தில் நின்று மனைவியை அழைத்தேன். மூச்சு அப்படியேதான் இருக்கிறது என்றாள்.

இரண்டாம் அங்கத்தின் பின்பாதியில் தளபதிக்கு வேலை இல்லை. காதலர்கள் இருவரும் நெடுநேரம் பாடுவார்கள். அவன் உடைமாற்றும் அறையில் இருப்பான்.

இரண்டாவது இடைவேளையில் தொலைபேசியை இயக்கினேன். மனைவியின் செய்தி மூன்று இருபத்தாறுக்கு வந்திருந்தது. 'அம்மா போட்டா.' நேரம் நான்கு. அடுத்த அங்கம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. அது முப்பத்தைந்து நிமிட அங்கம்.

இரண்டாவது தடவையாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. முதல் முடிவை மூன்று பேராகப் பேசி எடுத்தோம் என்றால் இதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செத்தவருக்கு இனி அவசரம் இல்லை என்று எனக்குள்ளே சொன்னேன். தங்கச்சியை அழைத்து, ஒருவருக்கும் சொல்லிவிடாதே என்றேன். அவள் விம்மிக்கொண்டே, "நான் பரிஸ் சின்னம்மாவுக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை" என்றாள். பரிஸை அழைத்தேன். சின்னம்மாவின் மகன் எடுத்தான். குடும்பக் குழுவில் அம்மாவின் படத்தோடு மெழுகுதிரி போட்டுப் பத்து நிமிடம் ஆகிவிட்டது என்றான்.

"உடன அழி. தம்பி மேடையில நிக்கிறான், அவனுக்குத் தெரியாது."

"ஐயோ மச்சான், எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே..."

அழித்தான். ஏழு பேர் அதற்குள் கைகூப்பிய படங்களைப் போட்டிருந்தார்கள். அவற்றையும் ஒவ்வொருவராக அழைத்து அழிக்கச் செய்தேன். மணி அடித்தது. மேடைக்குப் பின்னால் தம்பி தொலைபேசியைப் பார்ப்பதில்லை என்று எனக்கு உறுதி சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்றாம் அங்கத்தில் அவன் என் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வேடத்தில் மூழ்கிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் ஒரு சொல்லின் நடுவே மூச்சு எடுத்தான். அங்கே எடுக்கக்கூடாது. களைப்பு என்று நினைத்தேன். வலது கையை நண்பனின் காலருகே தரையில் ஊன்றி, தலை குனிந்தபடி, மிகவும் மெல்லிய குரலில் அந்த வரிகளைப் பாடினான். அரங்கில் ஒருவரும் இருமவில்லை. பெப்ரவரியில் மொன்றியலில் ஒரு பெரிய மண்டபம் இருமாமல் இருப்பது செய்தி. திரை விழுந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்று கைதட்டினேன். அவன் நன்றாகச் செய்துவிட்டான், நாங்கள் சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மேடைக்குப் பின்னாலுள்ள கதவைத் திறக்கும்வரை இருந்தது.

அவன் கண்ணாடிக்கு முன் இருந்தான். முகத்தில் பாதிச் சாயத்தைத் துடைத்திருந்தான். தொலைபேசி மேசையில், திரை மேலே பார்க்க இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் கேட்டான்:

"எத்தினை மணிக்கு?"

நான் கதவைச் சாத்தினேன். "மூண்டு இருபத்தாறு."

"அப்ப நான் இஞ்ச வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறன்." பஞ்சால் கன்னத்தைத் துடைத்தான். "ரெண்டாவது இடைவேளையில மெழுகுதிரியைக் கண்டன். ஆரோ விளையாடுறாங்கள் எண்டு நினைச்சன். பேந்து பாத்தா, அது இல்லை. அழிச்சிருந்தினம். அப்பதான் உண்மையெண்டு விளங்கிச்சுது."

"நான் முடிஞ்ச கையோட சொல்லுவமெண்டு..."

"எவ்வளவு நாளா?"

"வெள்ளிக்கிழமை விடியேக்க விழுந்தவ."

அவன் பஞ்சைக் கீழே வைத்தான். வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரலில் எண்ணினான். பிறகு தொலைபேசியை எடுத்து அந்தத் தடிமன் செய்தியைத் திறந்து என் பக்கம் திருப்பினான்.

"இது ஆர் எழுதினது?"

"நான்."

"ராசா எண்டு போட்டிருக்கு."

"ஓம்."

அப்போது கதவைத் தட்டி அரங்கின் மேலாளர் பெண் உள்ளே வந்தாள். இரண்டு கைகளையும் விரித்துப் பிரெஞ்சில் ஏதோ சொல்லி அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் எழுந்து நின்று, "மெர்சி" என்றான். அவள் என்னையும் பார்த்துச் சிரித்தாள். பெருமையாக இருக்கும் என்றாள்.

மருத்துவமனைக்கு டாக்சியில் போனோம். அம்மாவை இன்னும் அறையிலேயே வைத்திருந்தார்கள். மனைவி எழுந்து அவனுக்குக் கதிரையை விட்டாள். அவன் அம்மாவின் கையை எடுத்து, குளிராக இருக்கிறது என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னான். எங்கள் இருவரையும், என்னையும் தங்கச்சியையும், பார்க்கவில்லை.

புதன்கிழமை அவன் இரண்டாவது காட்சியைப் பாடினான். அடக்கம் வியாழன். தாய் கிடக்கப் பாட்டுக்குப் போனவன் என்று செத்தவீட்டில் பேசினார்கள். கோப்பிக் கோப்பையோடு நின்ற ஒருவர் எனக்கே கேட்கும்படி, "உவர் என்ன, காசுக்கோ பாடினவர்?" என்றார். பூசையில் நற்கருணை நேரத்தில் அவன் பாடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பாடகர் குழுத் தலைவி வந்து காதோடு கேட்டாள். "இல்லை அக்கா" என்றான். சனிக்கிழமை மூன்றாவது காட்சியும் பாடினான். ஒரு பிரெஞ்சு நாளிதழ் அவனைப் பற்றி நாலு வரி எழுதியது. நல்ல வரிகள். வெட்டி வைத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அவனைக் காரில் இறக்கிவிடப் போனபோதுதான் வாய் திறந்தான். வண்டி அவன் வீட்டு வாசலில் நின்றது. இறங்காமல் இருந்தான்.

"அண்ணை, நீங்கள் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது."

"நீ வந்திருப்பாய்."

"அதுதான் தெரியாது. பாடத்தான் போயிருப்பன் எண்டும் ஒரு நினைப்பு வருது. தாயைப் பாத்திட்டு, கொஞ்ச நேரம் இருந்திட்டு, ஞாயிறு போயிருப்பன். அப்பிடியெண்டா அது நான் செய்தது. ஆர் என்ன சொன்னாலும் நான் செய்தது. இப்ப நான் ஒண்டும் செய்யேல்லை. எனக்கு நடந்தது."

"உனக்காகத்தான்ரா செய்தனாங்கள்."

"தெரியும். அதாலதான் உங்களோட சண்டையும் பிடிக்கேலாமல் கிடக்கு." கதவைத் திறந்தான். "அந்த மெசேஜை அழிக்க மனம் வரேல்லை. அம்மான்ர பேரிலதானே இருக்கு."

அடுத்த இரண்டு வருடம் அவனுக்கு நல்ல வருடங்கள் என்றுதான் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஒட்டாவாவில் ஒரு பெரிய வேடம், வின்னிபெக்கில் ஒன்று, மொன்றியலில் ஒன்று. பாட்டு வகுப்பை நிறுத்தினான். ஆனால் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. ஒவ்வொரு இடைவேளையிலும், மேடைக்குப் போகுமுன், என் மனைவிக்கு அழைப்பான்.

"அண்ணி, எல்லாரும் இருக்கிறியளோ?"

"இருக்கிறம். நீர் போய்ப் பாடும்."

"அண்ணை?"

"வேலைக்குப் போட்டார். நல்லாத்தான் இருக்கிறார்."

"பிள்ளையள்?"

"ஐயோ, எல்லாம் உயிரோட இருக்குதுகள். போம், மணி அடிக்கப்போகுது."

அவள் சிரித்தபடிதான் பேசுவாள். வைத்தபின் தொலைபேசியைச் சற்று நேரம் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். அவன் என்னை அழைப்பதில்லை. நான் எடுத்தாலும், "அண்ணியிட்டைக் குடுங்கோ" என்பான். நான் "நல்லாயிருக்கிறம்" என்று சொல்வதற்கு அவனிடம் பெறுமதி இல்லை. அதை அவன் கோபமாகச் சொன்னதில்லை.

மூன்றாவது வருடம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மொன்றியலில் அவனுக்குக் காட்சி. மனைவி கோவிலில் சிலுவைப்பாதையில் இருந்தாள். தொலைபேசியை அணைத்திருந்தாள். நான் சென்ட் லோரன்டில் பின்னேர வேலையில் இருந்தேன். குளிசை அடைக்கும் இடத்துக்குள் தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். என்னுடையது அலுமாரிக்குள் பூட்டி இருந்தது. இடைவேளையில் அவன் அவளை அழைத்தான். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தான். பிறகு, அந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, என்னை அழைத்தான். வேலை முடிந்து அலுமாரியைத் திறந்தபோது என் திரையில் ஒன்பது தவறிய அழைப்புகள் இருந்தன.

நடந்ததை அங்கே கூட்டுப்பாடகராக இருந்த அவன் நண்பர் ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார். மேடையின் ஓரத்தில் இருட்டில், உடையோடு, தொலைபேசியைக் காதில் வைத்தபடி தம்பி நின்றிருக்கிறான். மேடை உதவியாளர் தோளைத் தொட்டுச் சைகை காட்டியிருக்கிறார். அவன் ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிடம் என்று காட்டியிருக்கிறான். மேடையில் டெனர் அவன் வரும் பக்கம் கையை நீட்டியபடி நின்றார். இசைக்குழு போய்க்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. டெனர் தன் வரியை வெற்றிடத்தைப் பார்த்துப் பாடினார். தம்பி உள்ளே வரும்போது பதினொரு தாளச்சுற்று கடந்திருந்தது. இசைக்குழுவின் நடத்துநர் அவனைப் பார்க்காமல் கையசைத்துக்கொண்டிருந்தார்.

அவனை ஒருவரும் ஏசவில்லை. அடுத்த பருவத்துக்கான அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். ஒட்டாவாவிலிருந்தும் வரவில்லை. நேரம் தவறியவன் என்ற சொல் அந்தத் தொழிலில் குரலைவிட வேகமாகப் போகும். வேறு இடங்களில் முயற்சி செய்து பார் என்று நான் சொன்னபோது அவன் என்னைப் பொறுமையாகப் பார்த்தான்.

"பாடுறது பிரச்சினையில்லை அண்ணை. பாடத் தொடங்கினா ஒண்டும் நினைவில வராது. அதுக்கு முந்திப் பின்னுக்கு நிண்டு காத்திருக்கிற நேரம்தான். அது என்னால ஏலாது."

இப்போது அதே அரங்கில்தான் வேலை செய்கிறான். மேடைக்கு மேலே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை மாற்றும் வேலை. மண்டபத்தின் பின்னால் ஒரு கண்ணாடி அறை. முன்னால் இசைத்தாள், பக்கத்தில் ஒரு பொத்தான். பாடகர் வாய் திறக்கும் கணத்தில் அழுத்த வேண்டும். முன்னே அழுத்தினால் சபை முந்திச் சிரித்துவிடும். அவன் ஒருமுறையும் பிந்தியதில்லை என்கிறார்கள்.

சென்ற மாதம் என் நுரையீரலில் ஒரு புள்ளி கண்டுபிடித்தார்கள். வைத்தியரின் அறையிலிருந்து வெளியே வந்து, மகளுக்குச் சொல்லுமுன், தங்கச்சிக்குச் சொல்லுமுன், முதலில் தம்பியை அழைத்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். எந்தப் பக்கம், எத்தனை சென்ரிமீற்றர், வைத்தியர் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவன் இடையில் பேசாமல் கேட்டான்.

"அண்ணியிட்டைக் குடுங்கோ" என்றான்.

கொடுத்தேன். மனைவி தொலைபேசியைக் காதில் வைத்து, "ஓம் தம்பி. ஓம், உண்மைதான்" என்றாள். பிறகு திரும்ப என்னிடம் தந்தாள். அப்போதுதான் அவன் என்னிடம் கேட்டான், எப்போது ஒப்பரேசன் என்று.